இன்ஃபுளுவென்சா வைரஸைச் செயலிழக்க வைக்கும் மருந்துகளும் கருவிகளும்: ஆய்வக மதிப்புரை

இன்ஃபுளுவென்சா வைரஸைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. அதைச் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்பு உறைதான் இருக்கிறது. 70% ஆல்கஹால், பிளீச், சோப்பு, சூடு என்று எது பட்டாலும் உறை கிழிந்துவிடும். மேசையைத் துடைக்க இது போதும். ஆனால் ஆய்வகத்துக்கு வேண்டியது வேறு. வைரஸ் பெருகும் திறனை இழக்க வேண்டும். அதே சமயம் அதன் மேலிருக்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் சிவப்பணுக்களைப் பிடிக்க வேண்டும், நியூராமினிடேஸ் என்ற நொதி வேலை செய்ய வேண்டும், ஆன்டிபாடி வந்து ஒட்டும் இடங்கள் உருக்குலையாமல் இருக்க வேண்டும், அல்லது உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. முழுதாகக் கிடைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரே மருந்து காப்பாற்றாது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் எந்தப் பாட்டிலைத் திறப்பது என்று யோசிக்க வேண்டும்.

எச்5என்1 போன்ற பறவைக் காய்ச்சல் வைரஸ்களை மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தில்தான் கையாள முடியும். அங்கிருந்து ஒரு டியூப் பாதுகாப்பு ஏற்பாடு குறைந்த இரண்டாம் நிலை ஆய்வகத்துக்கு வருகிறதென்றால், நடுவில் நிற்பது இந்தச் செயலிழப்பு ஒன்றுதான். டியூபை வாங்கிக்கொள்பவர் வெறும் கையுறையோடு அதைத் திறப்பார். அந்த ஒருவரை மனதில் வைத்தே கீழே உள்ள ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறோம்.

பீட்டா-புரோப்பியோலாக்டோன்

தடுப்பூசித் தயாரிப்பில் நெடுநாள் பழகிய மருந்து. பேச்சு வழக்கில் பி.பி.எல். முக்கியமாக நியூக்ளிக் அமிலத்தின் குவானின்மேல் ஆல்கைல் குழுவை ஏற்றி, பெருக்கத்தை நிறுத்துகிறது. புரதங்களையும் தொடும், ஆனால் ஃபார்மலின் அளவுக்குப் பின்னிப் பிணைக்காது. இதன் பெரிய வசதி, வேலை முடிந்ததும் தானே மறைந்துவிடுவது. தண்ணீரில் மெல்ல உடைந்து 3-ஹைட்ராக்சி புரோப்பியோனிக் அமிலமாக மாறிவிடும். 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் பாதி காலி. குளிரில் இன்னும் மெதுவாக. டயாலிசிஸ் வேண்டாம், கழுவ வேண்டாம்.

வழக்கமான அளவு கன அளவில் 0.05% முதல் 0.1% வரை. 10 மி.லி. தயாரிப்புக்கு 0.1% என்றால் தூய மருந்து 10 மைக்ரோலிட்டர்தான். அதை நேராக வைரஸுக்குள் விடக் கூடாது. சொட்டு விழுந்த இடத்தில் செறிவு எகிறிவிடும், மற்ற இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி வேலை கோணலாக நடந்திருக்கும். ஐஸில் குளிர்ந்த பஃபர் (பி.ஹெச். மாறாமல் தாங்கும் கரைசல்) 9.9 மி.லி.யில் 100 மைக்ரோலிட்டரைக் கலந்து 1% கரைசல் செய்து, உடனே அதில் 1 மி.லி.யை 9 மி.லி. வைரஸில் கலக்குவதே சரி. அந்த 1% கரைசலை நாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது. நாளை அது வெறும் அமிலம். 4 டிகிரியில் மெதுவாகக் கலக்கியபடி 16 முதல் 24 மணி நேரம், பிறகு மிச்ச மருந்து உடைய 37 டிகிரியில் 2 மணி நேரம். மறுநாளே செல்களின் மேல் ஊற்றப் போகிறீர்கள் என்றால் அந்த 37 டிகிரி நேரத்தைக் கூடுதலாகவே கொடுங்கள்.

இப்போது பெரும்பாலோர் தவறும் இடத்துக்கு வருவோம். 0.1% பி.பி.எல். என்பது லிட்டருக்குச் சுமார் 16 மில்லிமோல். அத்தனையும் உடைந்தால் அதே அளவு அமிலம். சாதாரண பாஸ்பேட் உப்புக் கரைசலில் பாஸ்பேட்டே 10 மில்லிமோலார்தான். அதில் அமிலத்தை வாங்கிக்கொள்ளக்கூடியது அதற்கும் குறைவு. விளைவாக பி.ஹெச். 5-க்கும் கீழே இறங்கிவிடும். இன்ஃபுளுவென்சாவுக்கு அந்த பி.ஹெச். எப்படிப்பட்டது? செல்லுக்குள் எண்டோசோம் என்ற பைக்குள் சிக்கும்போது வைரஸ் சந்திப்பதும் இதே மாதிரியான அமிலத்தைத்தான். அந்தச் சைகை கிடைத்ததும் ஹீமக்ளூட்டினின் வில்லைப் போல நிமிர்ந்து உருமாறிவிடும், திரும்பி வராது. ஆக, குளிர்பெட்டியில் இரவு முழுக்க அமைதியாக இருந்த டியூபில் ஹீமக்ளூட்டினின் தானாக வெடித்து முடிந்திருக்கும். காலையில் ஹீமக்ளூட்டினேஷன் (சிவப்பணுக்களைப் பிடித்து ஒட்டவைக்கும் திறன்) அளவு விழுந்துகிடப்பதைப் பார்த்து, “பி.பி.எல். இந்த ஸ்ட்ரெய்னுக்கு (வைரஸ் ரகத்துக்கு) ஒத்துவரவில்லை” என்று எழுதிவிடுகிறார்கள். மருந்தின் மேல் சுமத்தப்படும் பழியில் ஒரு பங்கு அமிலத்துடையது.

தீர்வு எளிது. வைரஸ் தயாரிப்பில் 100 மில்லிமோலார் ஹெப்பெஸ் பஃபர், பி.ஹெச். 7.8 அளவில் இருக்கட்டும். முழு அமிலமும் வெளிவந்த பிறகும் பி.ஹெச். 7.5 பக்கம் நிற்கும். ஃபீனால் சிவப்பு என்ற நிறக்காட்டி கலந்த மீடியம் (வளர்ப்புத் திரவம்) என்றால் இன்னும் வசதி: காலையில் மஞ்சளாகியிருந்தால் அந்த பேட்ச் ஹீமக்ளூட்டினின் வேலைக்கு உதவாது, கையோடு தள்ளிவிடலாம். டிரிஸ் பஃபரைத் தவிர்க்க வேண்டும். அதன் அமீன் குழு மருந்தோடு வினைபுரிந்து வைரஸுக்குச் சேர வேண்டியதைத் தான் தின்றுவிடும்.

பஃபர் சரியாக இருந்தாலும் முழுக்க நஷ்டம் இல்லாமல் தப்பிக்க முடியாது. மனித இன்ஃபுளுவென்சா ஸ்ட்ரெய்ன்கள் சிலவற்றில் ஹீமக்ளூட்டினேஷனும் நியூராமினிடேஸும் பி.பி.எல்.லுக்குப் பிறகு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குவதுண்டு. வைரஸின் உறை செல்லோடு இணையும் திறனும் குறையும். புது ஸ்ட்ரெய்ன் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அளந்து பார்க்காமல் ஆன்டிஜென் (ஆன்டிபாடி அடையாளம் காணும் பொருள்) பேட்சாகப் பெயர் எழுதக் கூடாது.

பாட்டிலைப் பற்றி: 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், ஈரம் படக் கூடாது. பழசானால் தனக்குத்தானே கோத்துக்கொண்டு கெட்டியாகும். மூடிய பாட்டிலில் அழுத்தம் ஏறும் ஆபத்தும் உண்டு. நீர்போல ஓடாமல் பிசுபிசுத்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம், ஏனென்றால் நீங்கள் அளந்த 10 மைக்ரோலிட்டரில் உண்மை மருந்து எவ்வளவு என்று சொல்ல முடியாது. பெரிய பாட்டில் வாங்கி ஒரு வருடம் ஓட்டுவதைவிடச் சிறிய பாட்டில்களாக வாங்குவதே மேல். மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை 2பி வகையில் வைத்திருக்கிறது. தூய மருந்தை வேதிப் புகைக்கூண்டில்தான் திறக்க வேண்டும். உயிர்ப்பாதுகாப்பு கேபினெட் இதற்குப் பதில் ஆகாது. அதிலுள்ள ஹெப்பா வடிகட்டி துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. காற்றில் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளேயே சுற்ற விடும். 1% கரைசலைப் புகைக்கூண்டில் செய்து, மூடி, கேபினெட்டுக்குக் கொண்டுபோகலாம். சிந்தினால் துடைக்க சோடியம் தயோசல்பேட் கரைசல் பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

முழு வைரஸ் வேண்டும், மருந்தின் மிச்சம் வேண்டாம் என்பவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. பஃபர் கணக்குப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் தொட வேண்டாம்.

ஃபார்மலின்

விலை குறைவு, எல்லா ஆய்வகத்திலும் கிடைக்கும், ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ் இரண்டையும் வியக்கத்தக்க அளவில் காப்பாற்றும். ஆன்டிபாடி சோதனைக்கும் டி-செல் (நோய் எதிர்ப்பு அணு) சோதனைக்கும் ஆன்டிஜென் தேவை என்றால் ஃபார்மலினுக்குத்தான் எங்கள் ஓட்டு.

ஆனால் அதன் பெயரிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் வரும் ஃபார்மலின் என்பது சுமார் 37% ஃபார்மால்டிஹைடு. செய்முறையில் “0.02%” என்று எழுதியிருந்தால் அது ஃபார்மலினா, ஃபார்மால்டிஹைடா? இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 2.7 மடங்கு வித்தியாசம். தடுப்பூசி உலகில் பழக்கமான 1:4000 என்பது ஃபார்மலின் கணக்கு. ஃபார்மால்டிஹைடாகப் பார்த்தால் 0.01%-க்கும் சற்றுக் குறைவு. ஒருவர் எழுதி இன்னொருவர் செய்யும்போது இந்த இடத்தில்தான் வைரஸ் தப்பிக்கிறது. பதிவேட்டில் எப்போதும் “ஃபார்மால்டிஹைடு இத்தனை சதவீதம்” என்று முழுதாக எழுதுங்கள்.

0.02% ஃபார்மால்டிஹைடு வேண்டுமென்றால், 37% கரைசலை நூறு மடங்கு பாஸ்பேட் உப்புக் கரைசலில் கரைத்து 0.37% ஆக்கிக்கொண்டு, அதில் 0.54 மி.லி.யை 9.46 மி.லி. வைரஸில் சேர்க்கலாம். 37 டிகிரியில் 24 மணி நேரம். 4 டிகிரியில் செய்தால் ஆன்டிஜெனுக்கு இன்னும் நல்லது, ஆனால் நாள்கணக்கில் ஆகும். எத்தனை நாள் என்பதை அந்தந்த ஸ்ட்ரெய்னில் அளந்துதான் சொல்ல வேண்டும்.

0.02% என்பது வெறும் 6.7 மில்லிமோலார். 20 மில்லிமோலார் டிரிஸ் அல்லது கிளைசின் உள்ள பஃபரில் வைரஸ் இருந்தால், அமீன்கள் மொத்த ஃபார்மால்டிஹைடையும் விழுங்கிவிட்டு இன்னும் பசியோடு நிற்கும். சர்க்கரைக் கரைசல் அடுக்கில் சுழற்றிச் சுத்திகரித்த வைரஸ் பல இடங்களில் டிரிஸிலேயேதான் வருகிறது. அதை முதலில் பாஸ்பேட்டுக்கோ ஹெப்பெஸுக்கோ மாற்ற வேண்டும். வைரஸ் வளர்த்த கருமுட்டையின் அலன்டாயிக் திரவத்தை அப்படியே எடுத்தால் அதிலுள்ள புரதமும் இதே வேலையைச் செய்யும்.

பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பாரா-ஃபார்மால்டிஹைடு. மேலே உள்ள திரவத்தின் செறிவு குறைந்துவிட்டது என்று பொருள். குளிரில் வைத்தால் இப்படி ஆகும். அறை வெப்பத்தில்தான் வைக்க வேண்டும். பாட்டிலில் மெத்தனால் 10 முதல் 15% இருப்பதும் இப்படிப் படியாமல் இருக்கத்தான்.

கட்டிகள் இன்னொரு தொல்லை. வைரஸ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால், ஃபார்மால்டிஹைடு வெளிப்பக்கத்தைத் தைத்து மூடிவிடும். உள்ளே இருப்பவை அந்தக் கூட்டுக்குள்ளேயே உயிரோடு பாதுகாப்பாக இருந்துவிடும். 1955-இல் அமெரிக்காவில் கட்டர் நிறுவனத்தின் போலியோ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் தப்பித்துக் குழந்தைகள் முடங்கிப்போனதற்குப் பின்னணியில் இந்தக் கட்டிப் பிரச்சினையும் பேசப்பட்டது. செயலிழப்புக்கு முன்பே வடிகட்டிக் கட்டிகளை நீக்கும் கண்டிப்பு அதன் பிறகுதான் வந்தது. இன்ஃபுளுவென்சாவுக்கு 2000 முதல் 3000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி மேல்திரவத்தை எடுத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டால் பெரும்பாலான கட்டிகள் போய்விடும். 0.22 மைக்ரான் வேண்டாம்; நூல்போல நீண்ட வைரஸ்கள் உள்ள ஸ்ட்ரெய்ன்களில் சரக்கு பாதி வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

டியூபின் கழுத்திலும் மூடியின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கும் சொட்டுக்கு மருந்து போய்ச் சேராது. நேரத்தின் நடுவில் முழுத் திரவத்தையும் புது டியூபுக்கு மாற்றி, மிச்ச நேரத்தை அங்கே ஓட்டுவது தடுப்பூசித் தயாரிப்பில் பழகிய வழக்கம். ஆய்வகத்தில் இதைச் செய்பவர்கள் குறைவு. இரண்டு நிமிட வேலை, தயவுசெய்து விடாதீர்கள்.

ஆர்.என்.ஏ. எடுக்க வேண்டுமென்றால் ஃபார்மலின் வேண்டாம். குறுக்குப் பிணைப்பால், ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கிக் கண்டறியும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையின் விளைச்சல் குறையும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிக்கும் முதல் வகைப் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். பழகிய வாசனை என்பதால் அதன் மேல் பயம் போய்விட்ட ஆய்வகங்கள் அதிகம்.

டிரைட்டான் எக்ஸ்-100

இது ஒரு டிடர்ஜென்ட். இதைவிட எளிதான முறை கிடையாது. 10% கரைசலில் 1 மி.லி., வைரஸ் 9 மி.லி., அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம். உறை கரைந்துவிடும். தூய டிரைட்டான் தேன்போல இழுக்கும். பைப்பெட்டில் நேராக எடுத்தால் நுனியின் சுவரிலேயே பாதி ஒட்டிக்கொள்ளும். எடை போட்டு 10% கரைசல் செய்து வைத்துக்கொள்வதுதான் ஒழுங்கு.

நியூராமினிடேஸ் சோதனைக்கு இது அருமை. உறையிலிருந்து விடுபட்ட நொதி முன்பைவிட அதிகமாகவே வேலை செய்யும். ஓசெல்டாமிவிர் போன்ற ஃபுளு மருந்துகளுக்கு வைரஸில் எதிர்ப்பு இருக்கிறதா என்று ஒளிரும் வினைபொருளால் பார்க்கும் சோதனைக்கு டிரைட்டான் கலந்த மாதிரியை அப்படியே எடுத்துப் போகலாம். ஹீமக்ளூட்டினேஷனுக்கு மட்டும் நம்பாதீர்கள். பிரிந்த ஹீமக்ளூட்டினின் மூலக்கூறுகள் பூக்கொத்துபோலச் சேர்ந்து ஒரு நாள் நல்ல அளவு காட்டும், மறுநாள் காட்டாது. போதாக்குறைக்கு டிரைட்டானே சிவப்பணுவை உடைத்துவிடும்.

சரிபார்ப்பில் ஒரு சிக்கல் உண்டு. 1% டிரைட்டான் செல்களைக் கொன்றுவிடும், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. செல் தாங்கும் அளவுக்கு நூறு மடங்கு கரைத்தால், கண்டுபிடிக்கும் திறனில் இரண்டு லாக் (ஒரு லாக் என்பது பத்து மடங்கு) காணாமல் போகிறது. மி.லி.க்கு நூறு உயிருள்ள வைரஸ் இருந்தாலும் “ஒன்றும் இல்லை” என்று வரலாம். டிரைட்டானை உறிஞ்சும் பாலிஸ்டைரீன் மணிகளால் அதை நீக்கிவிட்டுக் கரைக்காமல் சோதிப்பதுதான் நேர்மையான வழி. மணிகள் வைரஸையும் சேர்த்துப் பிடிக்கவில்லை என்பதைத் தனி மாதிரியில் காட்ட வேண்டும்.

டிரைட்டான் உடைந்து ஆக்டைல்ஃபீனால் ஆகி நீர்வாழ் உயிரினங்களின் ஹார்மோன் ஒழுங்கைக் குலைப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜனவரி முதல் சிறப்பு அனுமதி கேட்கிறது. புதிதாகச் செய்முறை எழுதுபவர்கள் மாற்று டிடர்ஜென்டையும் இப்போதே சேர்த்துச் சோதித்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஆர்.என்.ஏ. கிட்டில் வரும் லைசிஸ் பஃபர்

பி.சி.ஆர்., வரிசையறிதல் மட்டும்தான் வேலை என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். குவானிடீன் தயோசயனேட் கலந்த லைசிஸ் பஃபர் வைரஸை உடைத்து, ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதிகளையும் சேர்த்து முடக்கிவிடும். இன்ஃபுளுவென்சாவின் ஆர்.என்.ஏ. எதிர்மறை இழை; அதனோடு அதைப் படியெடுக்கும் வைரஸின் சொந்த நொதியான பாலிமரேஸ் இல்லாவிட்டால் செல்லுக்குள் போனாலும் தொற்றாகாது. ஆகவே சுத்தமாக எடுத்த ஆர்.என்.ஏ.வைக் கீழ்நிலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதில் தயக்கம் வேண்டியதில்லை.

விகிதம்தான் உயிர். பரவலான ஒரு கிட்டில் 140 மைக்ரோலிட்டர் மாதிரிக்கு 560 மைக்ரோலிட்டர் பஃபர், 10 நிமிடம், பிறகு 560 மைக்ரோலிட்டர் எத்தனால். சளி கெட்டியாக இருக்கிறது என்று மாதிரியை 300 ஆக ஏற்றி, பஃபரை அப்படியே விட்டால், அது வேறு செய்முறை, சோதிக்கப்படாத செய்முறை. எபோலாவில் இதே வகைப் பஃபர் மட்டும் போதாமல் எத்தனாலும் சேர்ந்த பிறகே பாதுகாப்பானது என்று தெரியவந்தது. இன்ஃபுளுவென்சா அவ்வளவு பிடிவாதம் இல்லைதான். இருந்தாலும் எத்தனால் சேர்த்த பிறகே டியூபை வெளியே எடுப்பது என்று விதி வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. டியூபைத் தலைகீழாகத் திருப்பி மூடியின் உட்புறமும் நனைய வேண்டும். அல்லது புது டியூபுக்கு மாற்ற வேண்டும்.

இந்தக் கழிவோடு பிளீச் சேரவே கூடாது. தயோசயனேட்டும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் சயனைடு வகை நச்சு வாயு வரும். பிளீச் வாளியும் லைசிஸ் கழிவுப் பாட்டிலும் ஒரே கேபினெட்டில் அருகருகே இருப்பதே தவறு.

சூடு, புற ஊதா, காமா

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக. 56 டிகிரியில் 30 நிமிடம் என்பது சீரத்தில் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்களை அணைக்கும் பழக்கத்திலிருந்து நாக்கில் ஒட்டிக்கொண்ட எண். வைரஸ் நிச்சயமாகச் சாகும் அளவுக்குச் சூடாக்கினால் ஹீமக்ளூட்டினினும் நியூராமினிடேஸும் கூடவே போய்விடும். அவை தப்பித்திருந்தால் வைரஸும் தப்பித்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். உலர் பிளாக்கில் டியூபின் மூடி சூடாவதில்லை. அங்கே ஒட்டிய சொட்டு குளிர்ந்தே இருக்கும். நேரத்தை, பிளாக் காட்டும் எண்ணிலிருந்து இல்லாமல், அதே அளவு திரவம் உள்ள போலி டியூபுக்குள் வைத்த வெப்பமானி எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

புற ஊதா விளக்கு பார்க்கச் சுலபமாக இருக்கும், அதனாலேயே ஏமாற்றும். 254 நானோமீட்டர் ஒளி புரதம் கலந்த திரவத்தில் ஆழமாக இறங்காது. திறந்த பெட்ரி தட்டில் ஓரிரு மில்லிமீட்டர் ஆழம், ஐஸின் மேல், ஆட்டியபடி. மூடியை எடுக்காமல் காட்டினால் பயனில்லை, பாலிஸ்டைரீன் அந்த ஒளியைத் தடுத்துவிடும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிவாட் தரும் விளக்கு, 200 விநாடியில் 100 மில்லிஜூல் கொடுக்கும். அந்த 0.5-ஐ மீட்டர் வைத்து அளக்க வேண்டும், ஏனென்றால் பழைய விளக்கு அதே நீல நிறத்தில் எரிந்துகொண்டே 254-இல் வெளிச்சம் குறைந்துபோயிருக்கும்.

இன்ஃபுளுவென்சாவுக்கே உரிய ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. இதன் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகள். புற ஊதா எந்தத் துண்டில் அடிக்கும் என்பது வைரஸுக்கு வைரஸ் மாறும். ஒன்றில் இரண்டாவது துண்டு பழுது, மற்றொன்றில் ஏழாவது துண்டு பழுது. இரண்டும் ஒரே செல்லுக்குள் நுழைந்தால், நல்ல துண்டுகள் ஒன்றுசேர்ந்து முழு வைரஸ் பிறந்துவிடும். இது 1950-களிலேயே கண்டறியப்பட்டது. இதனால் ஒரு விநோதம் நடக்கும்: மாதிரியைக் கரைத்துச் சோதித்தால் உயிர் இல்லை என்று வரும், கரைக்காமல் ஊற்றினால் வைரஸ் முளைக்கும். கரைத்தால் ஒரு செல்லுக்கு ஒரு வைரஸ்கூடப் போய்ச் சேராது. கரைக்காதபோது ஒவ்வொரு செல்லிலும் பல நுழையும். புற ஊதாவால் செயலிழந்த மாதிரியைக் கரைத்த நிலையில் மட்டும் சோதித்து முத்திரை குத்துவது ஆபத்து. மூன்றாம் நிலையிலிருந்து வெளியே அனுப்பும் வேலைக்குப் புற ஊதாவை மட்டும் நம்பச் சொல்ல மாட்டோம்.

காமா கதிர் நல்ல முறை. உலர் பனிக்கட்டியில் உறைந்த நிலையில் கதிர் பாய்ச்சினால் புரதச் சேதம் குறைவு, டியூபைத் திறக்கவே வேண்டாம். ஆனால் கோபால்ட்-60 மூலம் வேண்டும். அதன் அரை ஆயுள் 5.27 வருடம் என்பதால் நேரக் கணக்கைத் தொடர்ந்து திருத்த வேண்டும். பெட்டியின் நடுவிலும் மூலையிலும் டோஸ் மாறும். 2015-இல் அமெரிக்க ராணுவத்தின் டக்வே ஆய்வகத்திலிருந்து, கதிர் பாய்ச்சிச் செயலிழந்ததாக நினைத்த ஆந்த்ராக்ஸ் உயிரோடு பல ஆய்வகங்களுக்குப் போன சம்பவம், டோஸ் எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று காட்டியது.

சரிபார்ப்பு இல்லாமல் எந்தப் பாட்டிலுக்கும் மதிப்பில்லை

பி.சி.ஆர். இதற்கு உதவாது. செத்த வைரஸிலும் ஆர்.என்.ஏ. இருக்கும். எம்.டி.சி.கே. என்ற நாய்ச் சிறுநீரகச் செல்களில் சீரம் இல்லாமல், வைரஸ் வளரத் தேவையான டி.பி.சி.கே. டிரிப்சின் நொதியை மி.லி.க்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் வைத்து மூன்று முறை தொடர்ந்து வளர்த்துப் பார்க்க வேண்டும்; அல்லது 9 முதல் 11 நாள் கருமுட்டையில். சீரம் மிச்சம் இருந்தால் டிரிப்சின் அடங்கிவிடும், உயிருள்ள வைரஸும் வளராமல் பொய்ப் பாதுகாப்பு காட்டும்.

கட்டுப்பாட்டு மாதிரிகளில் ஒன்றை எல்லோரும் வைப்பார்கள்: மருந்து சேர்க்காத அதே வைரஸ், அதே நேரம், அதே வெப்பம். பலர் விட்டுவிடுவது இன்னொன்று: மருந்து கலந்து நடுநிலையாக்கிய மாதிரியில் மிகச் சிறிதளவு, ஒரு பத்து உயிருள்ள வைரஸ் அளவுக்கு, வேண்டுமென்றே சேர்த்துப் பார்ப்பது. அது வளரவில்லை என்றால் மிச்ச ஃபார்மால்டிஹைடோ டிடர்ஜென்டோ சோதனையையே முடக்குகிறது. முதன்மை மாதிரியின் “வளரவில்லை” என்ற முடிவும் செல்லாது.

ஹீமக்ளூட்டினேஷன் வைத்து முடிவு படிப்பவர்கள் கவனிக்க: செத்த வைரஸும் சிவப்பணுவைப் பிடிக்கும். 1:512 அளவுள்ள (512 மடங்கு கரைத்தும் சிவப்பணுவைப் பிடிக்கும்) மாதிரியில் 0.5 மி.லி.யை 5 மி.லி. மீடியத்தில் போட்டுக் கழுவாமல் விட்டால், எதுவும் வளராமலேயே 1:32 காட்டும். அடுத்த முறை 1:4. அதற்கடுத்து ஒன்றும் இல்லை. இப்படி இறங்கிக்கொண்டே போனால் அது பழைய சரக்கு. 1:32-க்குப் பிறகு 1:128 வந்தால் அது உயிர். முதல் சுற்றின் எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

எவ்வளவு சோதித்தோம் என்பதும் முடிவின் பகுதி. 1 மி.லி. சோதித்து ஒன்றும் வளரவில்லை என்றால், 95% நம்பிக்கையோடு சொல்லக்கூடியது மி.லி.க்கு 3-க்கும் குறைவு என்பது மட்டுமே. 10 மி.லி. பேட்சில் அது 30 வைரஸ் வரை இருக்கலாம் என்ற பொருள்தான். ஆகவே முடிவுப் புள்ளியை மட்டும் பார்க்காமல் இடையிடையே மாதிரி எடுத்துக் கோடு வரைய வேண்டும். அரை மணிக்கு ஒரு லாக் வீதம் இறங்குகிறதென்றால், மி.லி.க்கு பத்துக் கோடி உள்ள 10 மி.லி. பேட்சில் மொத்தம் ஒன்றே ஒன்று மிஞ்ச நாலரை மணி நேரம் ஆகும். அதன் மேல் அதே அளவு நேரமாவது கூடுதலாக வேண்டும். கோடு நேராக இறங்காமல் கடைசியில் வால்போலப் படுத்துவிட்டால், கட்டிகளோ மூடிச் சொட்டோ பஃபரில் அமீனோ இருக்கிறது. நேரத்தைக் கூட்டி அதைச் சமாளிக்கப் பார்க்காமல் காரணத்தைத் தேடுங்கள்.

செய்முறையில் ஸ்ட்ரெய்ன், வளர்த்த இடம், தொடக்க அளவு, கன அளவு, டியூப் வகை எதை மாற்றினாலும் சரிபார்ப்பு புதிதாகத் தொடங்க வேண்டும். செல்லில் வளர்த்த வைரஸுக்குச் சரியான 0.05% பி.பி.எல்., புரதம் நிறைந்த முட்டைத் திரவத்துக்குப் போதாமல் போகலாம்.

மூன்று சுற்று முடிய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை அந்த பேட்ச் மேல்நிலை ஆய்வகத்தின் உறைபெட்டியிலேயே, உயிருள்ள சரக்கிலிருந்து வேறு நிற மூடியோடு, வேறு தட்டில் இருக்க வேண்டும். டியூபின் மேல் மருந்தின் பெயர், இறுதிச் செறிவு, நேரம், வெப்பம், சரிபார்ப்பு எண் என ஐந்தும் எழுதியிருக்கட்டும். “செயலிழந்தது” என்ற ஒற்றைச் சொல் மட்டும் எழுதிய டியூப் எங்கிருந்து வந்தாலும், திறக்காமல் திருப்பி அனுப்புங்கள்.